வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு சோறு போடாத பிள்ளைகள்: பத்திரத்தை ரத்து செய்ய முடியுமா? கோர்ட்டு தீர்ப்புகள் சொல்வது என்ன?

சென்னை:

பெற்ற பிள்ளை பேருக்கு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வீட்டுத் திண்ணையில் ஒண்டிக் கிடக்கும் வயதானவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. திங்கட்கிழமைகளில் கலெக்டர் ஆபீசில் நடக்கும் குறை தீர்க்கும் நாளில், மனுவும் கையுமாக இவர்களைப் பார்க்கலாம்.

இவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "எழுதிக் கொடுத்ததைத் திருப்பி வாங்க முடியுமாய்யா?"

முடியும் என்கிறது 2007-ம் ஆண்டு வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். ஆனால் 2022-ல் ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கையை விரித்துவிட்டது. 2025-ல் இன்னொரு தாய்க்கு அதே கோர்ட்டு சொத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. இரண்டுக்கும் நடுவே இருப்பது பத்திரத்தில் எழுதப்படும் ஒரே ஒரு வரி!

23-வது பிரிவு

60 வயது முடிந்த ஒருவர், "எனக்குச் சாப்பாடு, மருந்து, அடிப்படை வசதி செய்து தரவேண்டும்" என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுக்கிறார். வாங்கியவர் செய்யவில்லை. அப்போது அந்தப் பத்திரம் மோசடியாகவோ மிரட்டியோ வாங்கியதாகக் கருதப்படும். எழுதிக் கொடுத்தவர் விரும்பினால் அது செல்லாது என்று அறிவிக்கலாம். இதுதான் 23-வது பிரிவு. சட்டம் அமலுக்கு வந்த பிறகு எழுதிய பத்திரங்களுக்குத்தான் இது பொருந்தும்.

சிக்கல் எங்கே என்றால், நம் ஊர் செட்டில்மெண்ட் பத்திரங்களில் இந்த நிபந்தனையை யாரும் எழுதுவதில்லை. "அன்பினாலும் பாசத்தினாலும் எழுதிக் கொடுக்கிறேன்" என்று இருக்கும். "இனி எனக்கு எந்த பாத்தியதையும் இல்லை" என்று முடியும். பெற்ற மகனிடம் போய் நிபந்தனை போடுவதா என்று அப்பா கூச்சப்படுவார். பத்திர எழுத்தர் வழக்கமான வாசகத்தையே எழுதிவிடுவார். கையெழுத்தும் ஆகிவிடும்.

2022-ல் கைவிட்ட தீர்ப்பு

2022 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்த வழக்கில் நடந்தது இதுதான். தாய் எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரத்தில் "பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனை இல்லை. அப்படி நிபந்தனை இருந்ததாக அவர் தரப்பில் காட்டவும் இல்லை. நிபந்தனை இருக்கவேண்டும், அதை மீறியிருக்கவும் வேண்டும், இரண்டும் இருந்தால்தான் ரத்து என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். பத்திரம் செல்லும் என்று ஆனது.

2025-ல் திரும்பிய காற்று

2025 ஜனவரி 2-ந்தேதி வந்த தீர்ப்பு வேறு மாதிரி. மத்தியப் பிரதேசத்தில் ஒரு தாய் 2019-ல் மகனுக்குச் சொத்தைத் தானமாக எழுதிக் கொடுத்தார். கடைசிவரை பார்த்துக்கொள்வதாக மகன் தனிக் காகிதத்தில் எழுதித் தந்ததாகவும் தாய் சொன்னார். மகன் மறுத்தார். ஐகோர்ட்டு பெஞ்ச் மகன் பக்கம் நின்றது.

சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் சி.டி.ரவிக்குமார், சஞ்சய் கரோல் இருவரும் அதைத் தள்ளிவிட்டார்கள். வயதானவர்களைக் காப்பாற்ற வந்த சட்டத்தை, அவர்களுக்கு நன்மை தரும் வகையில்தான் படிக்கவேண்டும் என்றார்கள். தானப் பத்திரம் ரத்து. சொத்தை 2025 பிப்ரவரி 28-க்குள் தாயிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் உத்தரவு.

அதே ஆண்டு மார்ச்சில் நமது சென்னை ஐகோர்ட்டு இன்னும் ஒரு படி மேலே போனது. நாகப்பட்டினத்து மூதாட்டி ஒருவர் மகனுக்கு எழுதிக் கொடுத்தார். மகன் காலமான பிறகு மருமகள் கவனிக்கவில்லை என்று புகார். ஆர்.டி.ஓ. பத்திரத்தை ரத்து செய்தார். மருமகள் அப்பீல் போனார். "அன்பினாலும் பாசத்தினாலும் எழுதுகிறேன் என்பதிலேயே என்னைப் பார்த்துக்கொள் என்ற நிபந்தனை அடங்கியிருக்கிறது" என்ற கருத்தில் பெஞ்ச் அப்பீலைத் தள்ளிவிட்டது.

இதைக் கேட்டு நிம்மதிப் பெருமூச்சு விடுவது சரிதான். ஆனால் 2022 தீர்ப்பும் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் அதை எடுத்து நீட்டுவார். கோர்ட்டு எந்தப் பக்கம் சாயும் என்று 75 வயதில் காத்திருப்பதைவிட, எழுதும்போதே ஒரு வரி சேர்ப்பது மேல்.

உயிலா, செட்டில்மெண்டா?

பலருக்கும் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. செட்டில்மெண்ட் என்றால் பதிவான அன்றே சொத்து கை மாறிவிடும். மனசு மாறினால் தன் இஷ்டத்துக்கு ரத்து செய்ய முடியாது.

உயில் அப்படி இல்லை. எழுதியவர் கண்ணை மூடிய பிறகுதான் அதற்கு உயிர் வரும். அதுவரை சொத்து அவருடையது. எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். முத்திரைத்தாள் வேண்டாம். பதிவு செய்வதும் கட்டாயம் இல்லை. ஆனால் சாட்சிகள் இரண்டு பேர் கையெழுத்து கட்டாயம். சொத்து வாங்கப் போகிறவரைச் சாட்சியாக வைக்காமல் இருப்பதும், பதிவு செய்துவிடுவதும் பின்னால் வம்பைக் குறைக்கும்.

அப்புறம் ஏன் செட்டில்மெண்டுக்கு ஓடுகிறார்கள்? "அப்பா, உயில்னா பின்னாடி தங்கச்சிங்க கேசு போடுவாங்க, இப்பவே முடிச்சிடுங்க" என்பான் மகன். செலவும் ஒரு தூண்டில். குடும்பத்துக்குள் செட்டில்மெண்டுக்கு முத்திரைக் கட்டணம் 1 சதவீதம்தான். 2023 ஜூலையில் உயர்த்தியபோதும் உச்சவரம்பு 40 ஆயிரம் ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு 10 ஆயிரம் ரூபாய் என்றே வைத்தார்கள்.

செட்டில்மெண்ட் எழுதியே தீரவேண்டும் என்றால் இரண்டு விஷயம் பத்திரத்தில் இருக்கவேண்டும். ஒன்று, "எங்கள் ஆயுள் உள்ளவரை இந்த வீட்டில் குடியிருக்கவும் வாடகையை வாங்கவும் எங்களுக்கே உரிமை" என்ற வாசகம். இரண்டு, "பராமரிக்கத் தவறினால் 23-வது பிரிவின்படி ரத்து செய்ய உரிமை உண்டு" என்ற வாசகம். எழுத்தர் "அதெல்லாம் வேணாங்க" என்றால் வேறு எழுத்தரைப் பார்ப்பது நல்லது.

விதவைத் தாய் கவனிக்க

கணவர் உயில் எழுதாமல் இறந்தால், இந்து வாரிசுச் சட்டப்படி அவருடைய சொத்தில் மனைவிக்கும் ஒரு பங்கு. மகனுக்கு எவ்வளவோ, மகளுக்கு எவ்வளவோ, அவ்வளவே மனைவிக்கும். இறந்தவரின் தாய் உயிரோடு இருந்தால் அவருக்கும் அதே அளவு பங்கு. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு "இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா" என்று நீட்டப்படும் காகிதம் பல சமயம் விடுதலைப் பத்திரமாக இருக்கும். அதில் கையெழுத்து விழுந்தால் பங்கு போச்சு. படித்துக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் எதற்கு?

பாங்கி கணக்கில் நாமினி போட்டாயிற்று, போதும் என்று இருப்பவர்களும் உண்டு. நாமினி என்பவர் பணத்தை வாங்கும் கை மட்டுமே. பணம் போய்ச் சேரவேண்டியது வாரிசுகளுக்கு, அல்லது உயிலில் சொன்னவருக்கு.

எங்கே போவது?

மனு கொடுக்க வேண்டிய இடம் ஆர்.டி.ஓ. ஆபீஸ். அவர்தான் தீர்ப்பாயத்தின் தலைவர். வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பது இல்லை. வெள்ளைத்தாளில் எழுதி, பத்திர நகல், வயதுச் சான்று இணைத்துக் கொடுக்கலாம். பராமரிப்புத் தொகை கேட்கும் மனு என்றால், நோட்டீஸ் சேர்ந்த 90 நாளில் முடிக்கவேண்டும் என்பது சட்டம். தவிர்க்க முடியாவிட்டால் இன்னும் 30 நாள். அப்பீல் கலெக்டரிடம், 60 நாளுக்குள்.

சொத்தே எழுதிக் கொடுக்காதவரும் மாதத் தொகை கேட்கலாம். 2007-ல் வைத்த உச்சவரம்பு மாதம் 10 ஆயிரம் ரூபாய். இதை எடுத்துவிட 2019-ல் கொண்டுவந்த மசோதா நிறைவேறாமலே போனது. இன்றைய மருந்துக் கடை பில்லுக்கு இது போதுமா என்பது வேறு கேள்வி. பிள்ளை இல்லாதவர்கள், தங்கள் சொத்துக்கு வாரிசாக வரப்போகும் உறவினரிடம் கேட்கலாம். பெற்றோரை அநாதையாக விட்டுவிட்டுப் போனால் 3 மாத ஜெயில், அல்லது 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு. உதவி கேட்க 14567 என்ற இலவச போன் எண்ணும் இருக்கிறது.

மறுபக்கமும் உண்டு

இந்தச் சட்டத்தை மருமகளைத் துரத்தும் கம்பாகப் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். மகனும் பெற்றோரும் ஒன்று சேர்ந்து, "வீட்டைக் காலி செய்" என்று மனு போடுவார்கள். குடும்ப வன்முறைச் சட்டப்படி வீட்டில் குடியிருக்க மருமகளுக்கு உள்ள உரிமையை இப்படிப் பறிக்க முடியாது என்று 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. இரண்டு தரப்பையும் விசாரித்துத்தான் முடிவு.

பிள்ளைகளை நம்பக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. உண்மையாகப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்குப் பத்திரத்தில் கூடுதலாக ஒரு வரி இருப்பதில் எந்த நஷ்டமும் இல்லை. "அந்த வரி வேண்டாம்" என்று எந்தப் பிள்ளை அடம் பிடிக்கிறானோ, அவன் விஷயத்தில்தான் பேனாவை மூடி வைத்துவிட்டு யோசிக்கவேண்டும்.