கோட்டுக்கு வெளியே விளையும் ஒயின்

தென் பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கில் ஏ7 நெடுஞ்சாலைக்கு மேற்கே பெரான் குடும்பத்தின் போகாஸ்டெல் பண்ணை இருக்கிறது. கிழக்கே அதே குடும்பத்தின் கூதுலே தோட்டம், சுமார் 30 ஹெக்டேர். இரு பக்கமும் அடியில் பழங்காலக் கடற்படிவு மண். மேலே, பகல் வெயிலை வாங்கிவைத்து இரவில் வெளிவிடும் உருண்டைக் கற்கள். ஆனால் மேற்கே விளைவது ஊர்ப்பெயரால் புகழ்பெற்ற 'ஷாத்தோநெஃப் து பாப்' ஒயின். கிழக்கே விளைவது சாதாரண 'கோத் து ரோன்'. இரண்டாவதன் விலை முதலாவதன் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது. மண்ணையும் குடும்பத்தையும் விட, வரைபடத்தில் விழுந்த ஒரு கோடுதான் இந்த விலையை நிர்ணயிக்கிறது. ஆகவே கட்டுப்படியாகும் விலையில் நல்ல சிவப்பு ஒயின் தேடுபவர் ஊர்ப்பெயரைத் துரத்த வேண்டாம். பழம் எந்த நிலத்தில், யார் கையில் விளைந்தது என்று பார்த்தால் போதும்.

கோடு வெறும் விளம்பரம் அல்லவே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். போலி ஒயின் பெருகிய காலத்தில், 1923இல், பியேர் ல ருவா என்ற தோட்ட உரிமையாளர் முன்னின்று ஷாத்தோநெஃப் து பாப்புக்கான விதிகளை வகுத்தார். தைமும் லாவெண்டரும் சேர்ந்து வளரும் வறண்ட நிலமே தகுதியானது என்பது அவற்றில் ஒன்று. 1936இல் ஷாத்தோநெஃப் து பாப் சட்டபூர்வமான பெயரானது. இன்றும் அங்கே ஒரு ஹெக்டேருக்கு 35 ஹெக்டோலிட்டர்தான் அனுமதி. கோத் து ரோனில் 50க்கும் மேல். ஆனால் விதி சொல்வது உச்சவரம்பை மட்டுமே. அதற்குள் எவ்வளவு அக்கறையோடு பயிரிடுவது என்பது விவசாயியின் முடிவு. பெரான் குடும்பத்தின் ழாக் பெரான் 1950களிலேயே ரசாயன உரங்களைக் கைவிட்டவர். கூதுலேயில் கிரெனாஷ் திராட்சைக்கு இணையாக, தாமதமாகப் பழுக்கும் முர்வெத்ரு ரகத்தையும் தாராளமாகக் கலக்கிறார்கள். மலிவு ஒயினுக்கு இப்படி மெனக்கெட வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது: ஊர்ப்பெயரை நம்பாமல் குடும்பப்பெயரை நம்பினால், ஒரு விளம்பரத்தை விட்டு இன்னொன்றில் விழுவதாகாதா? ஆகும், அதற்கான சான்று இதே குடும்பத்திடமே உண்டு. 1970இல் தொடங்கிய இவர்களது 'லா வியேய் ஃபெர்ம்', பல விவசாயிகளிடம் வாங்கிய திராட்சையில் பெருமளவில் தயாராவது. விலை இன்னும் குறைவு. அன்றாடச் சாப்பாட்டுக்கு அது பொருத்தமாக இருக்கலாம். ஆனால் சொந்த நிலத்தில் விளைந்து, பண்ணையிலேயே புட்டியில் அடைக்கப்பட்ட ஒயினுக்கு அது ஈடாகாது. ஆகவே பரம்பரைப் பெருமையைப் பார்த்து மட்டும் பணம் கொடுப்பது, ஊர்ப்பெயருக்குக் கொடுப்பதைப் போலவே வீண்.

மலிவு ஒயின் எல்லாவற்றையும் தந்துவிடும் என்றும் சொல்லவில்லை. போகாஸ்டெலின் நல்ல ஆண்டுகள் பல பத்தாண்டுகள் கிடந்து முதிரும். கூதுலே அவ்வளவு காலம் தாங்காது. நிலவறையில் அடுக்கிவைத்துக் காத்திருப்பவருக்கு அந்த வேறுபாடு பெரிது, அவர் கூடுதல் விலை கொடுப்பதில் தவறில்லை. வாங்கிய சில ஆண்டுகளில் மேசைக்குக் கொண்டுவருபவர் ஏன் முதிர்ச்சிக்கான காசைக் கொடுக்க வேண்டும்? கோட்டுக்கு வெளியே நிலம் வைத்திருக்கும் பழைய பண்ணைகள் அவருக்குத்தான் உண்மையில் லாபம்.