வாரா வாரம் ஸ்டார்ட் செய்தும் பைக் பேட்டரி சாவது ஏன்? காரைக்கால் வீடுகளின் ஆனி மாதத் தலைவலி

மாங்கனித் திருவிழா நெருங்கும் ஆனி மாதத்தில் காரைக்கால் தெருக்களில் ஒரு சத்தம் அடிக்கடி கேட்கும். சாவியைத் திருகி செல்ஃப் பட்டனை அழுத்தினால் 'டிக்... டிக்... டிக்'. அவ்வளவுதான், வண்டி கிளம்பாது. பாரிஸிலிருந்தோ துபாயிலிருந்தோ முந்தின நாள் ராத்திரி வந்து இறங்கியவர், போன வருஷம் போர்த்திவைத்துவிட்டுப் போன பைக்கைப் பார்த்தபடி நிற்பார். பக்கத்தில் அப்பாவோ வாப்பாவோ சங்கடத்தோடு சொல்வார், "வாரம் தவறாம ஸ்டார்ட் பண்ணித்தாம்பா வச்சிருந்தேன்."

அவர் சொல்வது பொய்யில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அஞ்சு நிமிஷம் வண்டியை உறுமவிட்டு நிறுத்துவதைப் பல வீடுகளில் பெரியவர்கள் ஒரு கடமையாகவே செய்கிறார்கள். அப்படியும் பேட்டரி செத்துப்போகிறது. தப்பு பெரியவர்மேல் இல்லை, அந்த அஞ்சு நிமிஷக் கணக்கில்தான் இருக்கிறது.

காரைக்காலில் ஆளில்லாமல் நிற்கும் வண்டிகளுக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. 1739-லிருந்து 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். பிரெஞ்சுக் குடியுரிமையோடு அங்கே குடியேறிய குடும்பங்கள் ஒரு பக்கம், வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் இன்னொரு பக்கம். வருஷத்தில் பத்து, பதினோரு மாதம் வண்டி வாசலிலோ தகரக் கொட்டகையிலோதான் கிடக்கும். ஆனால், ஊரில் இருக்கும் பெற்றோருக்கு அதுதான் அவசர வண்டி. நடுராத்திரி பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்கிறது, மருந்து வாங்க வேண்டும் என்று பக்கத்து வீட்டுப் பையனிடம் சாவியைக் கொடுக்கும்போது அது கிளம்பியாக வேண்டும்.

பழைய வண்டி என்றால் கிக்கரை நாலு உதை உதைத்து ஒப்பேற்றிவிடலாம். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு வரும் வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லை, பெட்ரோலைத் தள்ளிவிட மின்சாரப் பம்ப்தான். பல மாடல்களில் கிக்கரே கிடையாது. பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால் பம்பும் ஓடாது, உள்ளே இருக்கும் கன்ட்ரோல் யூனிட்டும் விழிக்காது. தெரு முனைவரை தள்ளிக்கொண்டு ஓடினாலும் பல வண்டிகள் அசையாது.

சும்மா நிற்கும் பேட்டரி ஏன் இறங்க வேண்டும்? இரண்டு காரணம். ஒன்று, லெட் ஆசிட் பேட்டரி தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜை இழக்கும் ரகம். சூடு கூடக்கூட அந்த இழப்பும் கூடும். தோராயமாகப் பத்து டிகிரி ஏறினால் இரண்டு மடங்கு என்று கணக்குச் சொல்வார்கள். கத்திரி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் நிற்கும் பேட்டரியின் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது, வண்டி 'ஆஃப்' ஆகியிருந்தாலும் கடிகாரம், கன்ட்ரோல் யூனிட், அலாரம் எல்லாம் சொட்டுச் சொட்டாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வெறும் 2 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டாலும் 30 நாளில் 1.4 ஆம்பியர்-ஹவருக்கு மேல் போய்விடும். ஸ்கூட்டர் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 4 அல்லது 5 ஆம்பியர்-ஹவர்தான். மகன் பாசத்தோடு ஜி.பி.எஸ். டிராக்கரும் மாட்டிவிட்டுப் போயிருந்தால் இன்னும் சீக்கிரம் காலி.

இறங்கிய பேட்டரியைத் திரும்ப ஏற்றிக்கொண்டால் போயிற்று என்று தோன்றும். வில்லங்கம் அங்கேதான். சார்ஜ் இறங்கும்போது உள்ளிருக்கும் ஈயத் தகடுகள்மேல் லெட் சல்பேட் படியும். உடனே சார்ஜ் ஏறினால் அது கரைந்துவிடும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால், ஈரம்பட்டுக் காய்ந்த உப்பு மூட்டைபோல இறுகிக் கட்டி தட்டிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் அந்த இடம் வேலை செய்யாது. நன்றாகச் சார்ஜ் ஏறி, சில மணி நேரம் ஓய்வில் இருந்த 12 வோல்ட் பேட்டரியில் மீட்டர் வைத்தால் 12.6-க்கு மேல் காட்டும். 12.4-க்குக் கீழே இறங்கிவிட்டால் இந்தக் கட்டி தட்டும் வேலை வேகமாகிவிட்டது என்று அர்த்தம். (இந்த பேட்டரியை 1859-ல் உருவாக்கிய காஸ்டன் பிளான்டே ஒரு பிரெஞ்சுக்காரர். அப்போது காரைக்காலிலும் பிரெஞ்சுக் கொடிதான் பறந்தது.)

இப்போது ஞாயிற்றுக்கிழமை கணக்குக்கு வரலாம். ஐடிலில் நிற்கும் எஞ்சின் உற்பத்தி செய்யும் மின்சாரம் குறைவு. 2017 ஏப்ரலிலிருந்து வரும் இருசக்கர வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்கவும் முடியாது. எஞ்சின் ஓடினால் விளக்கும் எரியும். விளக்குக்கும் பம்புக்கும் போக மிச்சம் பேட்டரிக்கு வருவது, ஸ்டார்ட் செய்யச் செலவானதை ஈடுகட்டினாலே பெரிது. ஒரு வாரம் சொட்டியது சொட்டியதுதான். போதாக்குறைக்கு, சரியாகச் சூடேறாத எஞ்சினிலும் சைலன்சரிலும் ஈரம் தங்கிவிடும். பெரியவரால் முடிந்தால் வண்டியைத் திருநள்ளாறு வரை ஒரு நடை ஓட்டிவிட்டு வருவது நல்லது. முடியாதபோது ஐடிலில் நிறுத்தி வைப்பதால் பெரிய பலன் இல்லை.

குளிர் நாடுகளில் இதே பிரச்னை வேறு மாதிரி. பனிக்காலம் முழுக்க பைக்கையும், வீடுபோல வசதி செய்த கேம்பர் வேன்களையும் ஷெட்டில் போட்டுவிடுவார்கள். அவர்களுக்காகப் பரவலானதுதான் மெயின்டனன்ஸ் சார்ஜர். சோப்பு டப்பா அளவில் இருக்கும். முதலில் 14.4 வோல்ட் பக்கம் வரை ஏற்றி பேட்டரியை நிரப்பும். நிரம்பியதும் தானாகக் குறைத்துக்கொண்டு 13.5 வோல்ட்டை ஒட்டி நின்று, கசிவதை மட்டும் ஈடுசெய்யும். பழைய மாடல் டிரிக்கிள் சார்ஜர் அப்படியில்லை. பேட்டரி நிரம்பினாலும் விடாமல் ஊற்றிக்கொண்டே இருக்கும். மாதக்கணக்கில் அதில் போட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் வற்றி, பேட்டரி வேறு வழியில் சாகும். பெட்டிமேல் எழுதியிருப்பதை நம்பாமல், 'நிரம்பியதும் ஃப்ளோட்டுக்கு மாறுமா?' என்று கடைக்காரரிடம் கேட்டே வாங்க வேண்டும்.

காரைக்காலுக்கு இன்னொரு கேள்வியும் முக்கியம்: வெப்பத்துக்கேற்ப வோல்ட்டேஜைக் குறைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறதா? 25 டிகிரிக்குச் சரியாக இருக்கும் அளவு 40 டிகிரியில் அதிகம். கிட்டத்தட்ட 0.3 வோல்ட் குறைய வேண்டும். பிரான்ஸிலிருந்து உறவினர் வாங்கி வந்தால் அங்கும் 230 வோல்ட், இங்கும் 230 வோல்ட் என்பதால் கவலையில்லை. அமெரிக்காவிலிருந்து வந்ததை, பின்பக்கம் '120 வோல்ட்' மட்டும் போட்டிருந்தால், இங்கே செருகக் கூடாது. லித்தியம் பேட்டரி உள்ள வண்டிக்கு அதற்கான சார்ஜர்தான் வேண்டும். ஆம்பியரும் பார்க்க வேண்டும். பேட்டரி 9 ஆம்பியர்-ஹவர் என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு, ஒரு ஆம்பியர் பக்கம் போதும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வைத்திருக்கும் பெரிய சார்ஜரைச் சின்ன பேட்டரிக்கு மாட்டினால் கொதித்துவிடும்.

கரன்ட் பில் பயம் வேண்டாம். நாள் முழுக்க 5 வாட் எடுத்தால்கூட மாதத்துக்கு 3.6 யூனிட்தான். சார்ஜரின் விலைதான் யோசிக்க வைக்கும். நல்லது வாங்கினால் பல நேரம் புது பேட்டரியின் விலையைத் தாண்டிவிடும். வருஷத்தில் மூன்று, நான்கு வாரம் மட்டும் வண்டி நிற்கும் வீடுகளுக்கு இது வீண் செலவு. மைனஸ் டெர்மினலைக் கழற்றிவைத்தாலே வண்டி உறிஞ்சுவது நின்றுவிடும். அதற்கு மேல் மாதம் ஒருமுறை பேட்டரி கடையில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். வீட்டில் இரண்டு, மூன்று வண்டி மாதக்கணக்கில் நிற்கிறது என்றால் ஒரே சார்ஜரை மாற்றி மாற்றிப் போடலாம். அங்கேதான் காசு திரும்பி வரும்.

இது பைக்கோடு நிற்கும் விஷயமும் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அரசலாற்றுக் கரையில் விசைப்படகுகள் வரிசையாக நிற்கும். உச்ச வெயில் காலமும் அதுதான். எஞ்சின் வேலை, பெயின்ட் வேலை எல்லாம் நடக்கும்போது பேட்டரியையும் இறக்கி நிழலில் வைத்துச் சார்ஜைக் காப்பாற்றினால், தடை முடிந்து கடலுக்குப் போகும் அன்றைக்குப் புது பேட்டரிக்கு அலைய வேண்டியிருக்காது.

மாட்டுவதற்கு ஒரு வரிசை உண்டு. சுவிட்ச் 'ஆஃப்'பில் இருக்க, முதலில் ப்ளஸ் கிளிப், அடுத்து மைனஸ். பிறகுதான் சுவிட்ச். கழற்றும்போது முதலில் சுவிட்ச், அடுத்து மைனஸ், கடைசியில் ப்ளஸ். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரலாம் என்பதால் காற்றோட்டமான இடம் வேண்டும். பூஜை விளக்குக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. உப்புக் காற்றில் டெர்மினலில் பச்சை பூக்கும். துடைத்துவிட்டு லேசாக வாசலின் தடவலாம். புயல் மழையில் கரன்ட் போய் வந்தால் சார்ஜர் தானாகத் திரும்ப ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏற்கெனவே அடியோடு செத்த பேட்டரியைப் பல ஸ்மார்ட் சார்ஜர்கள் கண்டுகொள்ளவே செய்யாது. அதைக் குப்பையில் போடாமல் கடையிலேயே கொடுத்துவிடலாம். ஈயத்துக்கு விலை உண்டு, மண்ணில் கலந்தால் விஷம்.

ஞாயிற்றுக்கிழமை வேலை பெரியவருக்கு மிச்சம் இருக்கத்தான் செய்கிறது. வண்டியைத் துடைத்து, டயர் ஒரே இடத்தில் அழுந்தாமல் இருக்க ஒரு முழம் நகர்த்தி, சார்ஜரில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்து, மகனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பலாம்.