பெறுபேறு வந்த வாரத்தில் எடுக்கும் முடிவு

க.பொ.த சாதாரண தரப் பெறுபேறு வெளியானால் எங்கள் அதிபரின் அறைக்கு வெளியே பெற்றோர்கள் கூடிவிடுவார்கள். "சேர், மகனைப் பயோவுல போடுங்க" என்பதே பெரும்பாலானோரின் கோரிக்கை. பிள்ளை பக்கத்தில் தலைகுனிந்து நிற்கும். அதனிடம் யாரும் கேட்பதில்லை.

சில வருடங்களுக்கு முன்பு நானும் கேட்கவில்லை. விஞ்ஞானத்தில் ஏ எடுத்த ஒரு மாணவன், நகரப் பாடசாலைக்குப் போய்ப் பொறியியல் தொழில்நுட்பம் படிக்க ஆசைப்பட்டான். ஊரில் தண்ணீர் மோட்டார் பழுதானால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். "டெக் படிச்சி மெக்கானிக் ஆகவா?" என்றார் வாப்பா. அந்த ஏயைப் பார்த்து நானும் வாப்பாவின் பக்கமே நின்றேன். பயோவில் மூன்று முறை உயர்தரம் எழுதினான். பல்கலைக்கழக அனுமதிக்கு அந்த மூன்று தடவைகள்தான் கணக்கு. இப்போது 23 வயதில், தன்னைவிட ஐந்தாறு வயது இளையவர்களோடு வயரிங் பயிற்சிக்குப் போகிறான். வீதியில் கண்டால் ஸலாம் சொல்வான். அதற்கு மேல் பேச எனக்குத்தான் தயக்கம்.

மூன்று பாடங்களிலும் சித்தியடைந்தால் கெம்பஸ் கிடைத்துவிடும் என்றே பலர் இன்னும் நினைக்கிறார்கள். விஞ்ஞானத் துறைகளில் 40 வீதமானோர் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதமானோர் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதமானோர் பின்தங்கிய மாவட்டங்களிலிருந்தும் எடுக்கப்படுகிறார்கள். மாவட்ட வாரியான இசட் வெட்டுப்புள்ளிகளைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடுகிறது. துறையைத் தெரிவு செய்யும் முன்னர் அதைப் பார்த்த பெற்றோரை விரல்விட்டு எண்ணலாம்.

சில பிள்ளைகளுக்குத் தெரிவே இல்லை என்பதும் உண்மை. 1சீ தரப் பாடசாலைகளில் உயர்தரத்தில் கலையும் வர்த்தகமும்தான். கணிதத்தில் கெட்டிக்காரியான பெண்பிள்ளையும், தூரத்துக்கு அனுப்ப வீட்டாருக்கு மனமில்லாததால் கலைப்பிரிவில் அமர்கிறாள். அது அவளது விருப்பம் என்று நாமே பதிந்துகொள்கிறோம்.

2013இல் வந்த தொழில்நுட்பப் பிரிவில் படித்தும் பட்டதாரியாகலாம். சாதாரண தரத்தில் தவறியவர்களும் தொடர்ந்து படிக்க 13 வருட உத்தரவாதக் கல்வி 2017இல் தொடங்கியது. என்.வி.கியூ என்றால் படிப்பு ஏறாதவர்களுக்கு என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ! அதில் 5ஆம், 6ஆம் மட்டங்கள் டிப்ளோமா, 7ஆம் மட்டம் பட்டம்.

இப்போது நான் தரம் 9 பெற்றோரையே முதலில் அழைக்கிறேன். தரம் 10க்கான தொகுதிப் பாடங்களைத் தெரிவு செய்யும் நேரம் அது. வாப்பா, உம்மா இருவரும் பிள்ளையோடு வர வேண்டும், முதலில் பிள்ளை பேச வேண்டும் என்பது என் நிபந்தனை. சில வாப்பாமாருக்குக் கோபம் வருகிறது. கடந்த வருடம் நான்கு வீட்டார் சேர்ந்து ஒரு வேன் பிடித்தார்கள். நான்கு மகள்மார் நகரத்தில் கணிதப் பிரிவு படிக்கிறார்கள்.