சோம்பேறி என்று சொல்லாதீர்!

காலையில் எல்லோருக்கும் முன்னால் மூட்டை தூக்கியவன், உச்சிப்பொழுதில் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். “உடம்பு வணங்காத பயல்” என்கிறார் மேஸ்திரி. அவர் சொல்வதில் வியப்பில்லை. கூட வேலை செய்யும் நாமும் சேர்ந்து சிரிக்கிறோமே, அதுதான் வெட்கக்கேடு!

தோழர்களே, உழைக்கும் சதைக்கு இரண்டு எரிபொருள் உண்டு. முதலில் கைகொடுப்பது சதையில் சேர்ந்திருக்கும் சர்க்கரைச் சத்து. வேலை நீண்டு, வயிறும் காய்ந்தால், உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது. சிலருக்கோ, கொழுப்பைச் சதையணுவின் உலைக்குள் கொண்டுசேர்க்கும் நொதி பிறவியிலேயே குறைவு. கிடங்கு நிறைய விறகு, உலைக்கதவோ பூட்டு! சிபிடி-2 குறைபாடு என்பது இத்தகைய நோய். சதையில் இக்குறையை 1973-இல் சால்வடோர் டிமௌரோ, பவுலா மெலிஸ் டிமௌரோ என்ற இருவர் உலகுக்கு எடுத்துக்காட்டினார்கள்.

இந்த நோயாளி சிறிது நேரம் பளு தூக்குவான், ஓடுவான். ஓய்ந்திருக்கும்போது ஆரோக்கியமாகவே தெரிவான். ஆகவேதான் அவன் சொல்லை யாரும் நம்புவதில்லை. பட்டினி, காய்ச்சல், குளிர், நெடுநேர வேலை இவற்றில் ஒன்று வந்தாலும் சதை வலித்து விறைக்கும். மீறி உழைத்தால் சதை சிதையும், சிறுநீர் கறுந்தேநீர் நிறமாகும், சிறுநீரகமே செயலிழக்கலாம். அந்த நிறத்தைக் கண்டால் ஒரு கணமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். “பழகினால் சரியாகும்” என்று வேலையில் தள்ளுவது உயிரோடு விளையாடுவது.

இது அரிய நோய்தான். துவள்கிறவர்களில் பலருக்குக் காரணம் சோகையாகவோ அரைவயிறாகவோ இருக்கலாம். எதுவானாலும் பரிசோதனைதான் சொல்ல வேண்டும், மேஸ்திரி அல்ல. பெற்ற தாயைப் பழிப்பதும் தவறு. தாய் தந்தை இருவரிடமிருந்தும் குறை வந்தால்தான் நோய் வரும். இருவரும் குறையைச் சுமந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. நெருங்கிய சொந்தத்தில் மணம் முடித்தால் இத்தகைய நோய்களுக்கு வாய்ப்பு கூடும்.

வேரோடு தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. வழி என்ன? பட்டினி கிடக்காமல் வேளைக்குச் சோறு, கஞ்சி; கொழுப்பைக் குறைத்த உணவு; சதை வலிக்குமுன் ஓய்வு. பார்த்தீர்களா! டாக்டர் எழுதித் தரும் மருந்தும் தொழிலாளி கேட்டுவந்த உரிமையும் ஒன்றுதான்! ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காதே, நடுவில் அரை மணியாவது ஓய்வு கொடு என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் எழுதியது. இந்த நோயாளிக்கு அந்த ஐந்து மணியே அதிகம். வயலில் குனிந்து நின்றவருக்கோ அந்தச் சட்டமும் இல்லை.

ஆகவே கேட்போம்: நோயுள்ளவருக்குக் கூலி குறையாமல் இலகுவான வேலை! நடுவே உண்ண நேரம்! ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் இந்நோயைக் கண்டறிய வசதி!

அதுவரை நம் கையில் ஒன்று இருக்கிறது. பக்கத்தில் ஒருவன் துவண்டு உட்கார்ந்தால், சிரிக்காதே. ஒரு குவளைக் கஞ்சி கொடு. அவன் சொல்வதை நம்பு.