டி.ஜே-வுக்கு மூணு மீட்டிங்... மேளத்துக்கு ஒரு போன்கூட இல்லையா?

கல்யாண மண்டபத்தோட பேக்கேஜ் லிஸ்ட்டை எடுத்துப் பாருங்க. வாழைமரம், ஜெனரேட்டர், ஐஸ்கிரீம் கவுன்ட்டர் வரிசையில 'மங்கள வாத்தியம் - 1 செட்'னு ஒரு வரி இருக்கும். டிக் அடிச்சா முகூர்த்தத்துக்கான இசை முடிஞ்சது. ஆனா ரிசப்ஷனுக்கு அப்படியில்ல. என்ட்ரிக்கு எந்தப் பாட்டு, கேக் வெட்டும்போது எது, ஃப்ரெண்ட்ஸ் டான்ஸுக்கு எதுன்னு தனி வாட்ஸ்அப் குரூப்பே ஓடும்.

இந்தக் கணக்கு தலைகீழா இருக்கு என்பதுதான் என் கருத்து. தாலி கட்டும்போது கேட்கப்போறது டி.ஜே இல்ல, மேளம். அந்த நிமிஷத்தோட இசையை மட்டும் ஏன் மண்டப மேனேஜர்கிட்ட விட்டுடுறோம்?

கலைஞர்கிட்ட என்ன பேசணும்?

முதல்ல, யார் வர்றாங்கன்னு கேளுங்க. வழக்கமா ஒரு செட்னா ரெண்டு நாதஸ்வரம், ரெண்டு தவில், தாளம், சுருதிப்பெட்டி. பேக்கேஜ்ல செலவைக் குறைக்க இதைப் பாதியாக்குற இடங்களும் உண்டு. முன்கூட்டியே கேட்டா தெரிஞ்சுடும்.

அடுத்து, என்ன வாசிப்பாங்க? ஆனந்தபைரவி மாதிரி கல்யாணத்தோட ஒட்டிப்போன ராகங்கள் இருக்கு. முகாரி சோக ராகம்னு தவிர்க்கிற வழக்கமும் இருக்கு. இதெல்லாம் அவங்களுக்குத் தெரியும். நாம பாடம் எடுக்க வேண்டாம். பாட்டிக்குப் பிடிச்ச கீர்த்தனை, அப்பாவுக்குப் பிடிச்ச பழைய சினிமாப் பாட்டுன்னு நாலஞ்சு சொன்னா போதும். தயார் பண்ணிட்டு வருவாங்க. ஒரே ஒரு எச்சரிக்கை: மெட்டு இனிமையா இருக்கேன்னு காதல் தோல்விப் பாட்டைக் கேட்டுடாதீங்க. நாதஸ்வரத்துல வரிகள் கேட்காது, ஆனா பந்தியில பாதிப் பேருக்கு அது மனப்பாடம்.

மூணாவது, எங்க உட்காருவாங்க? கெட்டிமேளம் சரியான நொடியில விழணும்னா அய்யரோட கை, மாப்பிள்ளையோட கை ரெண்டும் கலைஞருக்குத் தெரியணும். இன்னைக்கு அந்த இடத்துல நாலு கேமராமேன் நிக்குறாங்க. தாலி கட்டும் நேரம் மேளத்துக்கு முன்னாடி யாரும் நிக்கக் கூடாதுன்னு போட்டோ டீம்கிட்ட முந்தின நாளே சொல்லிடுங்க.

நாதஸ்வரம் கோயில் வீதிக்கும் ஊர்வலத்துக்கும் பழகின வாத்தியம். சின்ன ஏ.சி ஹால்ல அதுக்கு மைக் தேவையே இல்ல. மைக் வச்சா, காது வலிக்குதுன்னு வாசிக்கிறவர் மேல பழி விழும்.

ரிசப்ஷன்ல சிக்கல் எங்கே?

பாட்டுத் தேர்வுல இல்ல, வால்யூம்ல. அஞ்சு வருஷம் கழிச்சுப் பார்க்குற அத்தை காதுக்குள்ள கத்தி நலம் விசாரிக்கிறாங்க. மேடைக்குப் பக்கத்துலயே பெரியவங்களுக்கு ஸோஃபா, அதுக்கு நேரா ஸ்பீக்கர். சாப்பாடு முடியுற வரை மெல்லிசை, அதுக்கப்புறம் டான்ஸ்னு நேரத்தைப் பிரிச்சா பெரியவங்களும் பேசலாம், நண்பர்களும் ஆடலாம். டி.ஜே-கிட்ட பாட்டு லிஸ்ட்டோட சேர்த்து, 'சவுண்டைக் குறைங்க'ன்னு சொல்ற அதிகாரம் யாருக்குன்னும் சொல்லிடுங்க. பொண்ணு மாப்பிள்ளையால மேடையிலிருந்து இறங்கி வந்து சொல்ல முடியாது.

சட்டம் என்ன சொல்லுது?

2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. மூடிய ஹாலுக்குள்ள, அங்கே இருக்குறவங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி வைக்கத்தான் விலக்கு. ராத்திரி ரிசப்ஷனுக்கு மட்டும்தான் இதுன்னு நினைக்காதீங்க. காலை 4.30 முகூர்த்தத்துக்குத் தெருவுல ஸ்பீக்கர் கட்டுறதும் விதிமீறல்தான்.

'சினிமாப் பாட்டு போடுறீங்க, லைசென்ஸ் கட்டணம் கட்டுங்க'ன்னு யாராவது வந்தா? பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 52-வது பிரிவு மதச் சடங்குகளுக்கு விலக்கு தருது. கல்யாண ஊர்வலமும் அதைச் சேர்ந்த கொண்டாட்டங்களும் அதுல அடங்கும். 2023 ஜூலையில மத்திய அரசும் இதைப் பொது அறிவிப்பா வெளியிட்டிருக்கு.

ஆனா யூடியூப் லைவ் வேற விஷயம். பதிவு செஞ்ச பாட்டை அதோட தானியங்கி சிஸ்டம் கண்டுபிடிச்சா, வீடியோ மேல உரிமை கோரிக்கை வரலாம், ஒலி போகலாம், லைவே நிக்கலாம். துபாய்ல லீவு கிடைக்காத அண்ணன் பார்க்குற லைவ் அது. அதனால முகூர்த்த நேரத்துல ரெக்கார்டட் பாட்டு வேண்டாம். தியாகராஜர் மாதிரி பழைய வாக்கேயக்காரர்கள் கீர்த்தனைகளை நேர்ல வாசிக்கும்போது இந்தச் சிக்கலுக்கு வாய்ப்பு ரொம்பக் குறைவு.

ஏன் இது முக்கியம்?

நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல புவிசார் குறியீடு கிடைச்சப்போ நாம எல்லாரும் ஸ்டேட்டஸ் வச்சோம். அந்த வாத்தியத்தை வாசிக்கிறவங்க வீட்டு அடுப்பு பெரும்பாலும் கோயிலையும் முகூர்த்த நாளையும் நம்பித்தான் எரியுது. பேக்கேஜ்ல புக் பண்ணா நடுவுல எத்தனை கை மாறி எவ்வளவு அவங்களுக்குப் போகுதுன்னு நமக்குத் தெரியாது. நேரா பேசி, தொகையை முடிவு பண்ணி, கிளம்புறதுக்கு முன்னாடி கையில குடுங்க. சாப்பிட்டாங்களான்னும் ஒரு வார்த்தை கேளுங்க. மண்டபம் புக் பண்ற அன்னைக்கே அந்த 'மங்கள வாத்தியம்' வரியை எடுத்துட்டு, 'நாங்களே கூட்டிட்டு வர்றோம்'னு எழுதச் சொல்லுங்க.