அடி விழுகிறது, மனதில் விழுகிறதா?

படம் பார்க்கிறவர்களில் இரண்டு வகை உண்டு.

ஒரு வகையினர், படம் வெளியாகும் அன்று முதல் ஆளாகக் கொட்டகை வாசலில் நிற்பார்கள். கட்-அவுட்டுக்கு மாலை போடுவார்கள். படம் நன்றாக இருக்கிறதா, இல்லையா என்ற கேள்வியே அவர்களுக்குக் கிடையாது.

இன்னொரு வகையினர், எப்போதாவது போகிறவர்கள். பண்டிகை விடுமுறை, பள்ளிக்கூடப் பரீட்சை முடிந்த வாரம், ஊரிலிருந்து பாட்டி வந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமை என்று வருஷத்துக்கு நாலைந்து படம் பார்ப்பார்கள். அதற்கு மேல் இல்லை.

முதல் மூன்று நாள் வசூல் முதல் வகையினர் கையில் இருக்கிறது. படம் மூன்று வாரம் ஓடுமா என்பது இரண்டாவது வகையினர் கையில்தான் இருக்கிறது.

இந்த "எப்போதாவது ரசிகர்" சும்மா வருவதில்லை. கணக்குப் பார்த்துத்தான் வருகிறார். ஐந்து பேர் உள்ள குடும்பம் என்றால் ஐந்து டிக்கெட்டு, போக வர ஆட்டோ, இடைவேளையில் குழந்தைகளுக்குச் சோளப்பொரி. 2025 செப்டம்பரில் ரூ.100 வரையிலான டிக்கெட்டுக்கு வரியை 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள். நல்லதுதான். ஆனால் ரூ.100-ஐத் தாண்டினால் வரி 18 சதவீதம். நகரத்துப் பெரிய தியேட்டர்களில் 100 ரூபாய்க்குள் டிக்கெட்டு கிடைப்பது அபூர்வம்.

இவ்வளவு கொடுத்து உள்ளே போகிறவர், அண்மையில் வந்த சண்டைப் படங்களையும் விஞ்ஞானப் படங்களையும் பற்றி என்ன நினைக்கிறார்? படம் விட்டு வெளியே வரும் கூட்டத்தோடு பத்து நிமிஷம் நடந்தால் போதும், தெரிந்துவிடும்.

காது வலிக்கிறது!

முதல் புகார், சத்தம்.

2024 நவம்பரில் சூர்யா நடித்த 'கங்குவா' வந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கதையையும் இன்றைய கதையையும் முடிச்சுப் போட்ட படம். பெரும் பணம் செலவு செய்து எடுத்தார்கள். காடு, கடல், போர்க்களம் எல்லாம் கண்ணுக்கு விருந்துதான். ஆனால், முதல் நாளே படம் பார்த்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். பாத்திரங்கள் பேசுவதைவிடக் கத்துவதே அதிகம் என்றார்கள். கடைசியில், தியேட்டர்களில் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைக்கும்படி பட அதிபரே சொல்ல வேண்டியதாயிற்று!

இது ஒரு படத்தின் குறை மட்டும் அல்ல. கதை தளரும்போது சத்தத்தைக் கூட்டுவது இப்போது பழக்கமாகிவிட்டது. ஆயிரம் குண்டு வெடிக்கிறது. நூறு பேர் பறந்து விழுகிறார்கள். மறுநாள் காலையில் கேட்டால், யார் யாரை எதற்காக அடித்தார்கள் என்று பார்த்தவருக்கு ஞாபகம் இல்லை.

ஞாபகத்தில் நிற்பது எது?

அப்படியானால் எப்போதாவது ரசிகருக்குச் சண்டை பிடிக்காதா? நன்றாகப் பிடிக்கும்.

2022-ல் வந்த 'விக்ரம்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கமல்ஹாசன், விஜய் சேதுபதி, பகத் பாசில் என்று மூன்று பெரிய நடிகர்கள். பீரங்கி வரை வெடித்தது. ஆனால் தியேட்டர் அதிர்ந்தது வேறொரு இடத்தில். அந்த வீட்டு வேலைக்காரப் பெண், அதுவரை தலையைக் குனிந்துகொண்டு வேலை பார்த்தவர், வீட்டுக்குள் அடியாட்கள் புகுந்ததும் சட்டென்று நிமிர்ந்து சண்டை போடுகிறாரே, அந்த இடத்தில்! அந்த வேடத்தில் நடித்த வசந்தி நட்சத்திரம் அல்ல. பல ஆண்டுகள் நடனக் குழுவில் வேலை செய்தவர். படம் வந்த பிறகு ஊர் முழுக்க அவர் பேச்சுத்தான்.

ஏன்? வீட்டில் ஒரு கைக்குழந்தை இருக்கிறது. சத்தம் கேட்டாலே அந்தக் குழந்தையின் உயிருக்கு ஆபத்து. அதைக் காப்பாற்ற ஒரு பெண் கையில் கிடைத்ததை எடுத்து அடிக்கிறார். அங்கே விழுந்த ஒவ்வொரு அடிக்கும் காரணம் இருந்தது.

2023-ல் வந்த 'லியோ'வும் அப்படித்தான். இமாசலப் பிரதேசத்தில் காப்பிக் கடை நடத்துகிற ஒரு குடும்பஸ்தன். இரவில் கொள்ளைக் கூட்டம் கடைக்குள் நுழைகிறது. பக்கத்தில் சின்ன மகள். வேறு வழி இல்லாமல் அவன் துப்பாக்கியை எடுக்கிறான். பிறகு கோர்ட்டில் நிற்கிறான். மனைவி முன்னால் உடைந்து அழுகிறான். அந்த முதல் பாதியைக் குடும்பங்கள் மூச்சுப் பிடித்துக்கொண்டு பார்த்தன. இரண்டாம் பாதியில் பழைய கதை வந்தது. புகையிலைக் கிடங்கு, நரபலி, கும்பல் கும்பலாக அடியாட்கள் என்று எல்லாம் வந்தன. பயம் மட்டும் போய்விட்டது. கதாநாயகனுக்கு ஒன்றும் ஆகாது என்று தெரிந்துவிட்டால், அப்புறம் அவன் நூறு பேரை அடித்தால் என்ன, இருநூறு பேரை அடித்தால் என்ன?

"ஏ" என்றால் ஏமாற்றம்

இன்னொரு மனக்குறை, ரத்தம்.

2025 ஆகஸ்டில் ரஜினிகாந்த் நடித்த 'கூலி' வந்தது. தணிக்கைக் குழு அதற்கு "ஏ" சர்டிபிகேட்டு கொடுத்தது. அதாவது, 18 வயது நிரம்பாதவர்களுக்கு அனுமதி இல்லை. ரஜினி படம் என்றால் அது குழந்தைகளின் படம் என்று மூன்று தலைமுறையாகப் பழகிய வீடுகள் திகைத்துப் போயின. "இதே மாதிரி அடிதடி உள்ள வேறு படங்களுக்கு 'யு-ஏ' கொடுத்தீர்களே" என்று பட அதிபர் தரப்பு சென்னை ஐகோர்ட்டுக்குப் போனது. அதே மாதத்தில் ஐகோர்ட்டு மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டது.

அந்த வாதத்தில் ஒரு நியாயமும் இருக்கத்தான் செய்கிறது. 2023-ல் வந்த 'ஜெயிலர்' படத்தில் தலையை வெட்டும் காட்சி உண்டு. அதற்கு "யு-ஏ" கிடைத்தது. பேரன்மீது பாசம் உள்ள தாத்தா கதை என்று நம்பிக் குழந்தைகளை அழைத்துப் போன தாய்மார்கள், அந்தக் காட்சி வந்ததும் குழந்தைகளின் கண்ணைக் கையால் மூடினார்கள்.

தாய்மார்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. 2024-ல் சர்டிபிகேட்டு முறையை மாற்றியிருக்கிறார்கள். முன்பு "யு-ஏ" என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இப்போது அதையே மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். 7 வயதுக்கு மேல், 13 வயதுக்கு மேல், 16 வயதுக்கு மேல் என்று சர்டிபிகேட்டிலேயே போட்டிருப்பார்கள். ஆனால் இது பெற்றோருக்குச் சொல்லும் யோசனைதான். "யு-ஏ 16" என்று இருந்தாலும், பெற்றோர் விரும்பினால் சிறுவனை அழைத்துப் போகலாம். தியேட்டர்காரர் தடுக்க மாட்டார். "ஏ" அப்படி அல்ல. பெற்றோர் கூடவே வந்தாலும் உள்ளே விடக்கூடாது.

டிக்கெட்டு எடுக்கும் முன்பு இந்த எண்ணைப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர்? கதாநாயகன் பெயரைப் பார்த்தே டிக்கெட்டு வாங்கிவிடுகிறோம்!

அன்று வந்த வேற்றுக் கிரகவாசி

விஞ்ஞானப் படங்கள் கதை வேறு. இங்கே புகார் குறைவு, ஆசை அதிகம்.

தமிழுக்கு இது புதிதும் அல்ல. 1963-லேயே எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'கலை அரசி' வந்துவிட்டது. வேற்றுக் கிரகத்தில் இருந்து ஆட்கள் பறந்து வருகிறார்கள். விஞ்ஞானத்தில் அவர்கள் நம்மைவிடப் பெரியவர்கள். ஆனால் அவர்களிடம் கலை இல்லை. அதைக் கற்றுக்கொடுக்கப் பூமியில் இருந்து ஒரு பாட்டுக்காரப் பெண்ணைத் தூக்கிப் போகிறார்கள்! மனிதன் சந்திரனில் கால் வைப்பதற்கு 6 ஆண்டுகளுக்கு முன்பு இப்படி ஒரு கற்பனை. பலே!

அதே ருசி இன்றும் மாறவில்லை. 2021-ல் வந்த 'மாநாடு' படத்தில், ஒரே நாள் திரும்பத் திரும்ப வருகிறது. கேட்டால் தலை சுற்றும். ஆனால் பாமர மக்களுக்கும் புரிந்தது. காரணம், கதாநாயகன் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான். முதல்-மந்திரியைச் சுடாமல் தடுக்க வேண்டும். கலவரம் வராமல் தடுக்க வேண்டும். தோற்றால் செத்துப்போகிறான், மறுபடி காலையில் இருந்து தொடங்குகிறான். அவனோடு சேர்ந்து அதே நாளில் மாட்டிக்கொண்ட வில்லன் எஸ்.ஜே.சூர்யா அலுத்துப்போய்ப் புலம்பும்போது தியேட்டரே சிரித்தது. 2023-ல் வந்த 'மார்க் ஆண்டனி'யில் டெலிபோனில் கூப்பிட்டால் கடந்த காலம் பேசியது. அதையும் ரசித்தார்கள்.

2024 பொங்கலுக்கு வந்த 'அயலான்' குழந்தைகளின் படம். பல வருஷம் தாமதமாகி வந்தாலும், சிவகார்த்திகேயனோடு சுற்றிய அந்த வேற்றுக் கிரகக் குட்டியைப் பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது. பெரியவர்கள், கதை முன்பே தெரிந்த மாதிரி இருக்கிறதே என்றார்கள். அதுவும் உண்மைதான்.

'கல்கி 2898' தெலுங்கில் எடுத்து, 2024 ஜூனில் தமிழிலும் வந்தது. பறக்கும் கார், பேசும் எந்திரம், எட்டு நூறு ஆண்டுக்குப் பிந்தைய காசி. இதில் பாட்டிமார்களுக்கு என்ன வேலை என்றுதான் பலரும் நினைத்தார்கள். நடந்தது வேறு! பாரதத்தில் வரும் அசுவத்தாமன் அங்கே உயிரோடு வருகிறார். அன்று உத்தரையின் வயிற்றில் இருந்த சிசுவைக் கொல்லத் துணிந்து கண்ணனிடம் சாபம் வாங்கியவர். இந்தப் படத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணைக் காப்பாற்றப் போராடுகிறார். இது பேரனுக்குப் புரியவில்லை, பாட்டிக்குப் புரிந்தது. இடைவேளையில் விளக்கம் சொன்னவரும் அவர்தான்.

ஆனால் ஒரு மனத்தாங்கல். மூன்று மணி நேரம் ஓடியும் கதை முடியவில்லை. அடுத்த பாகம் வருமாம்! முழு டிக்கெட்டு வாங்கிக்கொண்டு பாதிக் கதை சொல்வது எந்த ஊர் நியாயம்?

35 பேர் செய்த அதிசயம்

பணத்தைக் கொட்டினால்தான் விஞ்ஞானப் படம் எடுக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு ஜப்பான் பதில் சொல்லிவிட்டது.

2023 நவம்பரில் அங்கே வெளியான 'காட்சில்லா மைனஸ் ஒன்' ஒரு ராட்சத மிருகத்தின் கதை. அதன் செலவு, பெரிய ஹாலிவுட் படங்களின் செலவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தந்திரக் காட்சிகளைச் செய்தவர்கள் மொத்தம் 35 பேர், காட்சிகள் 610. டைரக்டர் தகாஷி யமாசாக்கியே அந்த வேலைக்கும் தலைமை தாங்கினார். 2024 மார்ச்சில் சிறந்த தந்திரக் காட்சிகளுக்கான ஆஸ்கார் பரிசு இந்தப் படத்துக்குத்தான் கிடைத்தது! அந்தப் பரிசை வாங்கிய டைரக்டர், அவருக்கு முன்பு ஸ்டான்லி குப்ரிக் ஒருவர்தான்.

தந்திரம் மட்டுமா ஜெயித்தது? இல்லை. போரில் உயிரைக் கொடுக்க அனுப்பப்பட்ட ஒரு விமானி, பயந்து திரும்பிவிடுகிறான். குண்டு வீச்சில் எரிந்துபோன டோக்கியோவில், அநாதைக் குழந்தை ஒன்றை அவன் வளர்க்க நேர்கிறது. அந்த நேரத்தில் மிருகம் வருகிறது. மிருகத்தைப் பார்த்து நமக்குப் பயம் வருவது அதன் உயரத்தால் அல்ல, அந்தக் குழந்தையால்!

அதே 2023 நவம்பரில் அமெரிக்காவின் 'தி மார்வெல்ஸ்' வந்தது. செலவு 20 கோடி டாலருக்கும் மேல். அந்த வரிசையில் வந்த படங்களிலேயே மிகக் குறைந்த வசூல் அதற்குத்தான். கதை புரிய வேண்டுமானால், முன்னால் வந்த படங்களையும் டெலிவிஷன் தொடர்களையும் பார்த்திருக்க வேண்டும். எப்போதாவது ரசிகருக்கு ஏது அவ்வளவு நேரம்?

விழுகிறவர் யார்?

கம்ப்யூட்டரால் எல்லாம் செய்யலாம் என்று ஆன பிறகு ஒரு வேடிக்கை நடந்திருக்கிறது. நிஜமாக ஒரு மனிதன் குதித்தான் என்றால், அதைப் பார்க்கக் கூட்டம் வருகிறது. 2023-ல் வந்த 'மிஷன் இம்பாசிபிள்' படத்துக்காக, நார்வே நாட்டு மலை உச்சியில் இருந்து டாம் குரூஸ் மோட்டார் சைக்கிளோடு பாய்ந்தார். ஒரே நாளில் 6 தடவை! அந்தப் படப்பிடிப்பைக் காட்டித்தான் படத்துக்கு விளம்பரமே செய்தார்கள்.

அவருக்குப் பாராசூட் இருந்தது. பல மாதப் பயிற்சி இருந்தது. எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை.

2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு தமிழ்ப் படப்பிடிப்பு. காரைப் பாய விட்டுக் கவிழ்க்கும் காட்சி. காரை ஓட்டிய ஸ்டண்டுக் கலைஞர் இறந்துபோனார். 2020 பிப்ரவரியில் சென்னையை அடுத்த பூந்தமல்லி அருகே படப்பிடிப்புத் தளத்தில் ராட்சத கிரேன் சாய்ந்து மூன்று பேர் உயிர் இழந்தார்கள்.

திரையில் கார் பறப்பது மூன்று வினாடி. விசில் அடித்து முடிப்பதற்குள் அடுத்த காட்சி வந்துவிடுகிறது. உள்ளே இருந்தவர் யார் என்று பார்ப்பவருக்குத் தெரியாது. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது பாதிக் கொட்டகை காலியாகிவிடுகிறது.

இந்தக் கலைஞர்களுக்குப் பரிசு கொடுப்பதில் மட்டும் இந்தியா முந்திக்கொண்டது. ஸ்டண்டு அமைப்புக்கான தேசிய விருது 2017-லேயே வந்துவிட்டது. 'புலிமுருகன்' என்ற மலையாளப் படத்துக்காக அதை முதலில் வாங்கியவர் பீட்டர் ஹெய்ன். ஆஸ்கார் கமிட்டியாருக்கு 2025 ஏப்ரலில்தான் மனம் வந்தது. 2027-ல் வெளியாகும் படங்களில் இருந்து ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, 2028-ல் ஸ்டண்டு அமைப்புக்கான முதல் பரிசைக் கொடுக்கப்போவதாக அறிவித்திருக்கிறார்கள். ஆஸ்கார் பரிசு தொடங்கியதில் இருந்து அது நூறாவது விழா.