ஆயா மறித்த வாசல்



ஆரணிக்குப் பட்டு எடுக்க வருகிறவர்கள் சேலையைப் பார்ப்பார்கள். ஆர்வம் உள்ளவர்கள் தறியையும் எட்டிப் பார்ப்பார்கள். புழுவைப் பார்க்க வேண்டும் என்று என்னிடம் கேட்டவள் ஒருத்திதான். இருபது வருடம் இருக்கும். ஐரோப்பாவிலிருந்து வந்த சின்னப் பெண். ஊருக்கு மேற்கே மலையடிவாரத்தில், மல்பெரி போட்டிருந்த விவசாயிகள் சேர்ந்து ஒரு சங்கம் நடத்தினார்கள். அங்கே மூன்று மாதம் சம்பளம் வாங்காமல் வேலை செய்ய வந்திருந்தாள். எனக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வரும் என்று மொழிபெயர்க்கத் துணைக்கு அனுப்பினார்கள்.

சங்கத்தில் மூத்தவரான ஓர் ஆயாவின் வீட்டில் அப்போது புழு நான்காம் தோல் உரித்துக் கடைசிப் பருவத்தில் இருந்தது. பிறந்ததிலிருந்து தின்கிற இலையில் எண்பது சதவீதத்துக்கு மேல் இந்த ஏழெட்டு நாளில்தான் தின்னும். இப்போது நோய் விழுந்தால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண். முதல் நாள் காலையில் அந்தப் பெண் தலைவாரி, புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு, சிரித்த முகமாக வாசலில் வந்து நின்றாள். ஆயா நிலைப்படியில் குறுக்கே கையை வைத்தார்.

"நீ வாணாம் கண்ணு, அப்பால போ." என்னைப் பார்த்து, "நீ வாப்பா" என்றார்.

அவள் ஒன்றும் பேசவில்லை. வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்து அழுதாள். நம் நாட்டுக்கு வருமுன் சாதியைப் பற்றியும் தீட்டைப் பற்றியும் நிறையப் படித்திருக்கிறாள். தன்னைத் தொடக்கூடாதவளாக ஒதுக்கிவிட்டார்கள் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

உள்ளே ஆயாவிடம் கேட்டேன். "அந்தப் பொண்ணு மேலெல்லாம் கொசு மருந்து வாடை. புழுவுக்கு ஆவாதுப்பா" என்றார். விஷயம் அவ்வளவுதான். ராத்திரி அறையில் கொசுச்சுருள் கொளுத்தியிருக்கிறாள், காலையில் கை காலெல்லாம் கிரீம் பூசியிருக்கிறாள். கொசுவை விரட்டுகிற மருந்து பட்டுப்புழுவையும் கொல்லக்கூடும். பூச்சிமருந்து அடித்த வயலுக்குப் பக்கத்தில் பறித்த இலையைப் போட்டாலே புழு செத்துவிழும். பீடிப் புகைகூட ஆகாது.

வெளியே வந்து சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் அவள் பயந்தது வீண் பயம் என்று சொல்லிவிட என்னால் அன்றும் முடியவில்லை, இன்றும் முடியவில்லை. இதே போன்ற வாசல்களில் கை குறுக்கே வந்து, காரணம் சாதியாகவே இருந்து, திரும்பிப் போனவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! மாதவிலக்கு நாள் என்று புழு வளர்க்கும் மனைக்கு வெளியே நிற்க வைக்கப்பட்ட பெண்கள் எத்தனை பேர்! புழுவைக் காப்பாற்றும் கையும் மனிதரைத் தள்ளும் கையும் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஒன்றுபோலத்தான் தெரியும்.

அதே ஆயாவுக்கும் ஒரு மனத்தாங்கல் இருந்தது. அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நம்மிடம் வெகுகாலம் விளைந்தது பெரும்பாலும் மஞ்சள் கூடு. தறிப் பாவில் அறுபடாமல் நிற்கிற, ஒரே சீரான இழை வெண்கூட்டில்தான் கிடைக்கும்; வெண்கூடு கட்டும் புழு நம் வெயிலைத் தாங்காது என்பதே பரவலான நம்பிக்கை. 1991-ல் ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் நம் மத்தியப் பட்டு வாரியத்தோடு கைகோத்தது. மைசூர் ஆராய்ச்சி நிலையத்தில் நம்மவர்களும் ஜப்பானியரும் சேர்ந்து உழைத்ததில் சி.எஸ்.ஆர். 2, சி.எஸ்.ஆர். 4 போன்ற வெண்கூட்டு இனங்கள் வந்தன. இந்தக் கூட்டு முயற்சியின் மூன்றாம் கட்டம் 2002 முதல் 2007 வரை நடந்தது; அதில் கர்நாடகம், ஆந்திரத்தோடு தமிழ்நாட்டு விவசாயிகளுக்கும் அவற்றை வளர்க்கும் முறை போய்ச் சேர்ந்தது. இலையைக் கிள்ளாமல் தண்டோடு வெட்டிப் போடுவது, ஒவ்வொரு வளர்ப்புக்கு முன்பும் மனையைக் கிருமிநீக்கம் செய்வது, புழுவுக்கென்று தனி மனை கட்டுவது. இன்று வெண்கூடு விளைவிப்பதில் தமிழ்நாடு முன்னணியில் நிற்கிறது.

பலன் பெரிது. ஆனால் ஆயாவின் காதில் அது வேறு மாதிரி விழுந்திருந்தது. யாரோ வந்து, "இனிமேல் வீட்டுக்குள் வளர்க்கக்கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். "எம் புள்ளைங்க மாரி பக்கத்துலயே படுத்துக்கினு வளத்தேன். என் ஊடு சுத்தமில்லன்னு சொல்லிட்டாங்க" என்றார். அடுப்புப் புகையும், ஆள் நடமாட்டமும், பழைய மனையில் தங்கிவிடுகிற நோய்க்கிருமியும் புழுவுக்குப் பகை என்று யாரும் அவரிடம் உட்கார்ந்து பேசவில்லை. வாடை ஆகாது என்று தன் வாசலில் ஒரு பெண்ணைத் தடுத்தவருக்கு, புகை ஆகாது என்று சொல்லியிருந்தால் புரியாதா?

இதை அந்தப் பெண்ணிடம் மொழிபெயர்த்துச் சொன்னபோது அவள் வெகுநேரம் ஆயாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் சீயக்காய் போட்டுக் குளித்து, ஆயா கொடுத்த பழைய நூல் சேலையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். உள்ளே போனதும் நின்று, மேலே கூரையைப் பார்த்து, "மழையா?" என்று கேட்டாள். தட்டு தட்டாகப் புழு இலை தின்கிற சத்தம்.

ஊருக்குக் கிளம்புமுன் சங்கத்துச் சுவரில் ஒரு பலகை எழுதி மாட்டினாள். எழுதியது அவள், வாசகம் ஆயாவுடையது, எழுத்துக் கூட்டியவன் நான். கொசு மருந்து, சென்ட், பீடி, வெளிச் செருப்பு வேண்டாம் என்று நான்கு வரி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஏன் என்று ஒரு வரி. முடிந்தது என்று பிரஷ்ஷைக் கழுவப் போனவளை ஆயா நிறுத்தி, கீழே இன்னும் ஒரு வரி போடச் சொன்னார்.

"வேற யாரையாவது வெளிய நிக்க வெச்சா, ஏன்னு கேளுங்க."